புரை ஊற்றுதல்

“பேஷண்ட் எங்க தம்பி? பாத்ரூம் போயிருக்காங்களா?”

கேட்ட சிஸ்டரின் ஒரு கையில் ஃபைல், இன்னொரு கையில் மார்க்கர் பேனா. எந்தக் கண்ணில் ஆபரேஷனோ அந்தப் பக்கத்துப் புருவத்துக்கு மேல் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். கண்புரை அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் கூடத்தில் அன்று காலை இருபது பேர் இருந்திருப்போம். எல்லாருமே அறுபதைத் தாண்டியவர்கள். பச்சை கவுன், தலையில் பச்சைத் தொப்பி, காதில் கிடந்த தங்கத்தைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்ட ஆச்சிகள்.

“நான்தான் சிஸ்டர் பேஷண்ட்.”

அவர் ஃபைலைப் பார்த்தார். வயது 34. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார்.

“எனக்கு ஏழு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சிட்டு தாயி” என்றாள் அம்மா. “இவனுக்குத்தான்.”

எதிர் பெஞ்சில் இருந்த தாத்தாவுக்கு இது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. “ஏம்ப்பா, சர்க்கரையா?” என்றார்.

“இல்ல தாத்தா. மருந்துனால வந்தது.”

“என்ன மருந்து?”

“கண்ணுக்குப் போட்ட சொட்டு மருந்து.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “கண்ணு நல்லாகணும்னு போட்ட மருந்துலயா கண்ணு கெட்டுச்சு?”

அதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இது. கொஞ்சம் நீளமானது.

*

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். கரிசல் காடு. சித்திரை, வைகாசியில் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வரும்போது எனக்குக் கண் அரிக்க ஆரம்பிக்கும். சும்மா அரிப்பு இல்லை. விரல் முட்டியைக் கண்ணில் வைத்துத் திருகினால் ஒரு சுகம் வரும், நிறுத்தவே தோன்றாது. அம்மா கையைத் தட்டிவிடுவாள். அவள் அடுப்படிக்குப் போனதும் மறுபடி ஆரம்பிப்பேன். மெடிக்கல் ஷாப்பில் போய் “கண்ணு அரிப்பு” என்று சொன்னால் ஒரு சொட்டு மருந்து கொடுப்பார்கள். சீட்டெல்லாம் கேட்கமாட்டார்கள். இரண்டே நாளில் சிவப்பும் போகும், அரிப்பும் போகும். அடுத்த கோடையில் மறுபடி அதே கடை, அதே டப்பா. அதில் இருந்தது ஸ்டீராய்ட் என்று எனக்குத் தெரியவர ரொம்ப வருடம் ஆனது.

இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில், ஹாஸ்டல் வாசலில் இருந்த ஒரு தெருவிளக்கு வலது கண்ணுக்கு ஐந்து விளக்காகத் தெரிந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடியை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் பவர் ஏறியது. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் கண்ணின் முன்பக்கத்தை நிலப்படம் மாதிரி வண்ணத்தில் எடுத்துக் காட்டினார். நடுவில் சிவப்பாக ஒரு குன்று. பெயர் கெரட்டோகோனஸ். கார்னியா சாதாரணமாக அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். இந்த நோயில் அது மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு வரும். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கி முப்பதுகள் வரை வளரும். கண்ணைக் கசக்கினால் இன்னும் வேகமாக வளரும்.

“கசக்குவீங்களா?” என்றார் டாக்டர். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சொல் விளக்கம் சொல்லியாக வேண்டும். கண்தான விளம்பரங்களில் எல்லாம் கார்னியாவைக் கருவிழி என்றே எழுதுகிறார்கள். ஆனால் கார்னியாவில் கறுப்பே கிடையாது. கடிகாரத்தின் மேல் மூடியிருக்கும் கண்ணாடி மாதிரி அது நிறமற்றது. நாம் கறுப்பாகப் பார்ப்பது அதற்குப் பின்னால் இருக்கும் திரையையும் அதன் நடுவில் உள்ள ஓட்டையையும். அந்த ஓட்டைக்கும் பின்னால் இருக்கிறது லென்ஸ். முன்னால் கார்னியா, உள்ளே லென்ஸ். இரண்டு கண்ணாடிகள். இந்தக் கதைக்கு இவ்வளவு உடற்கூறு போதும்.

இடது கண்ணுக்கு 2012இல் கிராஸ் லிங்க்கிங் செய்தார்கள். வைட்டமின் பி2 சொட்டுகளை விட்டு, மேலே புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, கார்னியாவின் இழைகளைக் கெட்டிப்படுத்தும் முறை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர்கள் இதன் முதல் முடிவுகளை 2003இல்தான் வெளியிட்டார்கள். பத்து வருடம் முன்னால் பிறந்திருந்தால் எனக்கு இடது கண்ணும் போயிருக்கும். வலது கண்ணில் அதற்குள் தழும்பே விழுந்துவிட்டது. “இதுக்கு மாத்துறதுதான் வழி” என்றார்கள்.

*

2015 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை போன் வந்தது. “நாளைக்குக் காலைல வந்திருங்க. சாப்பிடாம வாங்க.”

அந்தப் போனுக்கு ஒரு பின்பக்கம் உண்டு. யாரோ ஒருவர் இறந்திருக்கிறார். அழுகைக்கு நடுவில் யாரோ கண் வங்கிக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்குள் ஆட்கள் போய் எடுத்திருக்கிறார்கள். அவர் யாரென்று எனக்குச் சொல்லமாட்டார்கள், நான் யாரென்று அந்தக் குடும்பத்துக்கும் சொல்லமாட்டார்கள். அது விதி, நல்ல விதியும்கூட. ஆனாலும் ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பார்க்கும்போது கொஞ்ச நாள் ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த சிகிச்சையில் முதல்முதலாக வெற்றி கண்டவர் எட்வர்ட் ஸிர்ம். இன்றைக்குச் செக் நாட்டில் இருக்கும் ஓலோமோட்ஸ் நகரத்தில், 1905 டிசம்பர் 7 அன்று. நோயாளி அலோய்ஸ் குளோகர் என்ற கூலித் தொழிலாளி. சுண்ணாம்பு பட்டு அவருடைய இரண்டு கண்ணும் வெந்துபோயிருந்தன. கார்னியா கிடைத்தது கார்ல் பிராயர் என்ற 11 வயதுப் பையனிடமிருந்து. கண்ணில் இரும்புத் துண்டு பாய்ந்து, காப்பாற்ற முடியாமல் அவனுடைய கண்ணை எடுக்க வேண்டி வந்தது. குளோகரின் இரண்டு கண்ணிலும் ஸிர்ம் வைத்துப் பார்த்தார். ஒன்று தோற்றது. இன்னொன்று தெளிவாக நின்றது. குளோகர் திரும்ப வேலைக்குப் போனார்.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு விஷயம். 1905இல் ஸ்டீராய்ட் கிடையாது. அடுத்தவர் உடம்பின் ஒரு துண்டை நம் உடம்பு ஏற்றுக்கொள்ளாது என்ற அறிவே அப்போது அரைகுறைதான். குளோகருக்கு நின்றதற்குக் காரணம், கார்னியாவில் ரத்தக் குழாய்களே கிடையாது என்பது. ரத்தம் வராத தெருவில் நோய் எதிர்ப்புப் படையின் ரோந்து குறைவு. புதிதாக ஒருவர் குடிவந்திருப்பது தெரியாமலே போகலாம். ஆனால் எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சில கண்களில் உடம்பு கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தால், கார்னியாவின் உள்பக்கத்தில் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்களை அழிக்க ஆரம்பிக்கும். நீரை இறைத்து வெளியேற்றி கார்னியாவைத் தெளிவாக வைத்திருப்பவை அந்தச் செல்கள்தான். மனிதனுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. போனது போனதுதான்.

ரோந்துப் படையைத் தூங்க வைக்கும் மருந்து பிறகு வந்தது. 1948இல் அமெரிக்காவில் மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. அந்தக் குடும்பத்தில் வந்த மருந்துகள்தான் இன்று கார்னியா மாற்றிக்கொண்ட ஒவ்வொருவரின் வீட்டிலும் இருக்கின்றன. என் வீட்டில் இருந்தது பிரெட்னிசோலோன், ஒரு சதவீதம், 5 மில்லி பாட்டில்.

*

அது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். மருந்து தண்ணீரில் கரையாமல் மிதப்பதால் சும்மா வைத்தால் அடியில் படிந்துவிடும். போடும் முன் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் போட்டால் வெறும் தண்ணீரைப் போட்ட மாதிரிதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை இழுத்து, அந்தப் பையில் ஒரே ஒரு சொட்டு. பாட்டிலின் மூக்கு கண்ணில் படக்கூடாது. பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி.

எனக்குத் தானாகப் போட வராது. சொட்டு விழும் முன்பே இமை மூடிக்கொள்ளும். பதினாறு தையல் போட்ட கண் அது, தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூல். அம்மாதான் போட்டாள். முதல் சில வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒருமுறை. என் போனில் அலாரம் அடிக்கும் முன்பே அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். “மேல பாருய்யா.” நான் உத்திரத்தைப் பார்ப்பேன். ஒரு சொட்டு. “ம், மூடிக்கோ.” சின்னப் பையனாக இருந்தபோது கையைத் தட்டிவிட்ட அதே கை.

மருந்துச் சீட்டில் இரண்டு பாதி இருக்கும். மேல் பாதியில் மருந்தின் பெயர். கீழ்ப் பாதியில் ஒரு பட்டியல்: முதல் மாதம் ஆறு வேளை, அடுத்து நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. வருடக் கடைசியில் ஒரு வேளைக்கு வந்துவிட்டேன். தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். வலது கண்ணில் ஒரு தெருவிளக்கு ஒரே விளக்காகத் தெரிந்த இரவில் பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் பைக்கை ஓரங்கட்டி நின்று பார்த்தேன். அந்த சிக்னலை ஆசையாகப் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

*

2019 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை. ஆபீஸ் கண்ணாடியில் பார்த்தேன், வலது கண் லேசாகச் சிவந்திருந்தது. இரவு கண்விழித்ததால் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை வெளிச்சம் கூசியது. புதன்கிழமை பார்வையில் பனி. டிஸ்சார்ஜ் ஆகும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள்: சிவப்பு, கூச்சம், மங்கல், வலி, நாலில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே வா என்று. நான் மூன்று நாள் விட்டிருந்தேன்.

உடம்பு கண்டுபிடித்துவிட்டது. நாலரை வருடம் கழித்து.

மணிக்கு ஒரு சொட்டு. ராத்திரியும் எழுந்து போட வேண்டும். பத்து நாளில் பனி விலகியது. “தப்பிச்சுக்கிட்டீங்க. ஆனா கொஞ்சம் செல் போயிருக்கும்” என்றார் டாக்டர். மறுபடி ஒரு சீட்டு. மேல் பாதி, கீழ்ப் பாதி. படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, மார்ச் கடைசியில் காட்ட வேண்டும்.

2020 மார்ச் கடைசியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நான் லேப்டாப்போடு கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தேன். அப்போது சீட்டின் கீழ்ப் பாதியில் நாலு வேளையைத் தாண்டி இரண்டுக்கு வந்திருந்தேன். ஒருநாள் காலையில் கண் சிவந்த மாதிரி இருந்தது. சிவந்ததா, எனக்குத் தோன்றியதா, இப்போது யோசித்தால் தெரியவில்லை. மதுரைக்குப் போக இ-பாஸ் வேண்டும். நாலு வேளையாக ஆக்கினேன். அன்று மாலையே கண் வெள்ளையாக இருந்தது. எனக்கு அதுவே சாட்சி.

அதற்குப் பிறகு நான் குறைக்கவே இல்லை.

அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது? எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிவிட்டுப் போன ஒரு வரி, ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எடுத்தால் எது உடையுமோ என்று யாரும் தொடமாட்டார்கள். ஓடுகிறதா, ஓடட்டும். என் நாலு வேளையும் அப்படித்தான் ஓடியது. ஊரடங்கு தளர்ந்தது, பஸ் ஓடியது, மதுரை அங்கேயேதான் இருந்தது. “அடுத்த மாசம் போவோம்” என்றேன். போனால் குறைக்கச் சொல்வார்கள் என்ற எண்ணமும் அந்த அடுத்த மாதத்துக்குள் ஒளிந்திருந்தது. பழைய சீட்டைப் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றினால் மருந்து வீட்டு வாசலுக்கு வந்துவிடும். காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஆறு, ராத்திரி பத்து. மீட்டிங்கில் மியூட் போட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பேன். அம்மா போடுவாள்.

*

2022 தொடக்கத்தில் வெயிலில் ஆள் முகம் தெரியாமல் போனது. விநோதம் என்னவென்றால், அந்தி நேரத்தில் நன்றாகத் தெரிந்தது. வெள்ளைத் திரையில் எழுத்து கரைந்தது, கறுப்புத் திரைக்கு மாற்றினால் தெரிந்தது. தூரத்து போர்டைப் படிக்க முடிந்தது, கையில் இருந்த புத்தகத்தைப் படிக்க முடியவில்லை. ராத்திரியில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் கண்ணுக்குள் பஞ்சாகப் பிரிந்து பரவியது.

கிராஃப்ட் போகிறது என்று முடிவு கட்டினேன். அதனால் இன்னும் பயந்து, இன்னும் நன்றாகக் குலுக்கி, நாலு வேளையும் தவறாமல் போட்டேன்.

ஜூனில் ஒருவழியாக மதுரைக்குப் போனோம். டாக்டர் ஸ்லிட் லேம்ப்பில் ரொம்ப நேரம் பார்த்தார்.

“கிராஃப்ட் கண்ணாடி மாதிரி இருக்கு” என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு கேட்டார்: “பிரெட்னிசோலோன் இப்ப எத்தன வேளை போடுறீங்க?”

“ஒரு வேளைதான் மேடம்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பரீட்சை ஹாலில் பக்கத்து பேப்பரைப் பார்த்து மாட்டிக்கொண்டவன் வாயிலிருந்து வருமே, அந்த மாதிரி வந்தது. அவர் எழுதிக்கொள்ளப் போனார்.

“இல்லம்மா” என்றாள் அம்மா, பின்னால் ஸ்டூலில் இருந்து. “நாலு வேளை. நாந்தான போட்டுவிடுறேன்.”

டாக்டர் பேனாவை வைத்தார். “எவ்வளவு நாளா?”

நான் போனை எடுத்து ஆப்பைத் திறந்தேன். லாகைப் படிப்பது என் தொழில். ஒரு பாட்டிலில் ஏறக்குறைய நூறு சொட்டு, நாலு வேளைக்கு 25 நாள் வரும். ஆர்டர் வரலாற்றில் எண்ணினேன். 29 பாட்டில்.

“லென்ஸோட பின்பக்கத்துல புரை விழுந்திருக்கு” என்றார். “ஸ்டீராய்டுக்கே உரிய இடம் அது. கண் பிரஷர் ஏறாம இருந்தது உங்க நல்ல நேரம். சிலருக்கு இதே மருந்துல பிரஷர் ஏறி, வலியே இல்லாம நரம்பு செத்துப்போகும். புரையை நான் எடுத்துடலாம். நரம்பை யாரும் திருப்பித் தர முடியாது.”

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை.

*

லென்ஸ் ஒரு விசித்திரமான உறுப்பு. அதிலும் ரத்தக் குழாய் கிடையாது. மேல்தோல் மாதிரி அது பழைய செல்லை உதிர்ப்பதும் இல்லை. வெங்காயம் மாதிரி வாழ்நாள் முழுக்க மேலே மேலே அடுக்கிக்கொண்டே போகும். நடுவில் இருப்பது நாம் பிறப்பதற்கு முன்பே உருவானது. அம்மாவின் வயிற்றில் இருந்தபோது கிடைத்த அதே துண்டு வழியாகத்தான் நாம் கடைசிவரை பார்க்கிறோம். ஸ்டீராய்ட் நீண்ட நாள் போனால், லென்ஸ் செல்கள் தம் ஒழுங்கை விட்டு நகர்ந்து, பின்பக்கத்து உறைக்கு அடியில், நட்டநடுவில் போய் உப்பிக் கிடக்கின்றன. நடுவில் என்பதுதான் வினை. வெயிலில் பாப்பா சுருங்கும்போதும், கிட்டத்தில் படிக்கச் சுருங்கும்போதும், வெளிச்சம் அந்த நடுப்புள்ளி வழியாக மட்டும்தான் போக முடியும். அந்தியில் பாப்பா விரிந்தால் ஓரங்கள் வழியாகத் தப்பித்துப் போகும். என் விநோதங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஸ்டீராய்டை ரொம்ப நாள் சாப்பிட்ட மூட்டுவாத நோயாளிகளுக்கு இதே இடத்தில் புரை விழுவதை அமெரிக்க மருத்துவர்கள் 1960இலேயே எழுதிவிட்டார்கள். நோபல் பரிசுக்கும் அந்தக் கட்டுரைக்கும் இடையில் பத்தே வருடம். சொட்டு மருந்தாகப் போட்டாலும் வரும் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. மருந்து அட்டையின் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளிலும் அது அச்சாகியிருக்கிறது. 29 முறை அந்தத் தாளைக் கசக்கிப் போட்டிருக்கிறேன்.

அன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா சாத்தூர் வரை பேசவில்லை. பிறகு கேட்டாள்.

“புரைன்னா அந்தம்மா சொன்னது எனக்கு வந்துச்சே, அதுதான?”

“அதுதான்மா. உனக்கு வயசுனால. எனக்கு மருந்துனால.”

“நான் போட்ட மருந்து.”

“நான் போடச் சொன்னேன்ல. நீ என்ன பண்ணுவ?”

எங்கள் வீட்டில் ராத்திரி பாலை உறைய வைக்க ஊற்றும் துளி மோருக்கும் புரை என்றுதான் பெயர். சில ஊரில் உறை, சில ஊரில் பிரை. தினமும் படுக்கப் போகும் முன், ஆறிய பாலில் ஒரு கரண்டி நுனியால் அம்மா புரை ஊற்றுவாள். கொஞ்சம்தான் ஊற்ற வேண்டும், அதிகமானால் புளித்துவிடும். ஊற்றிவிட்டு, பத்து மணிக்கு என் அறைக்கு வந்து கடைசிச் சொட்டைப் போடுவாள்.

“பால்ல புரை ஊத்துற மாதிரி ஊத்தியிருக்கேன்” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொய் சொன்னதற்கான தண்டனை எனக்கு டாக்டரிடமிருந்து வரவில்லை. இந்த வாக்கியத்தில் வந்தது. நான் பயந்ததற்கு என் பயம் மட்டும்தான் காரணம். ஆனால் பாட்டிலைப் பிடித்திருந்தது அவள் கை. ‘பக்க விளைவு’ என்று நாம் சொல்கிறோம், ஏதோ மருந்து நேராகப் போகும்போது தோள் இடித்த மாதிரி. மருந்துக்கு நேரும் தெரியாது, பக்கமும் தெரியாது. ஒரே சொட்டு கார்னியாவைக் காத்தது, அதே சொட்டு உள்ளே இறங்கி லென்ஸை உறைய வைத்தது. யாரோ தந்த பகுதி கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குப் பிறவியில் கிடைத்த பகுதி திரிந்துபோனது.

*

உடனே ஆபரேஷன் செய்யவில்லை. கிராஃப்ட் உள்ள கண்ணில் புரையை எடுப்பது மற்றவர்களுக்கு எடுப்பது மாதிரி கிடையாது. முன்னால் சொன்னேனே, திரும்ப முளைக்காத உள் அடுக்கு, புரையை உடைக்கும் அதிர்வில் அந்தச் செல்கள் கொஞ்சம் அழியும். இளம் வயதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2500க்கு மேல் இருக்க வேண்டியவை, எனக்கு 1100தான் இருந்தன. 500ஐ நெருங்கினால் கார்னியா நீர்கோத்து வெளுத்துவிடும். புரையை எடுக்கப் போய் கிராஃப்ட் போகலாம். புரையை விட்டால் பார்வை போகும். “ஆபரேஷனை எவ்வளவு தள்ளிப்போட முடியுதோ தள்ளிப்போடுவோம்” என்றார் டாக்டர். இந்த முறை சீட்டின் கீழ்ப் பாதியைத் தன் கையால் பெரிதாக எழுதினார். வீரியம் குறைந்த இன்னொரு ஸ்டீராய்டுக்கு மாற்றி, மாதம் ஒருமுறை வரச்சொன்னார்.

அந்த மாதாந்திர வரிசையில் ஒரு லாரி டிரைவர் அண்ணன் பழக்கமானார். அவரும் கிராஃப்ட்தான். என் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் கதை தலைகீழ். “ஸ்டீராய்டா, அது விஷம்யா, நிப்பாட்டுன்னு மச்சான் சொன்னான். நிப்பாட்டிட்டேன்.” ஒன்றரை மாதத்தில் கண் வெளுத்துவிட்டது. இரண்டாவது கார்னியாவுக்காகக் காத்திருந்தார். நான் பயந்து நிறுத்தவில்லை, அவர் பயந்து நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் கேன்டீனில் ஒரே மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

இதைப் படிக்கும் யாராவது வீட்டில் இருக்கும் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுவீர்களோ என்ற கவலையில்தான் அந்த அண்ணனை இங்கே கூட்டிவந்தேன். ஸ்டீராய்ட் இல்லாவிட்டால் 2019இலேயே என் கார்னியா போயிருக்கும். போடச் சொன்னவர் சொல்லும்வரை போடுவதும், குறைக்கச் சொன்னால் குறைப்பதும், நடுவில் பிரஷர் பார்க்கப் போவதும், எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மருந்து. பாட்டிலில் இருப்பது அதன் பாதி.

*

2024 ஜனவரியில் நாள் குறித்தார்கள். அதற்குள் வலது கண்ணில் வெயில் என்பது வெறும் வெள்ளை.

உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடவே இரண்டு நாள் அளந்தார்கள். அந்தக் கணக்கு கார்னியாவின் வளைவை வைத்துப் போடுவது. ஒட்டுப்போட்ட கார்னியாவின் வளைவு சூத்திரத்துக்குள் அவ்வளவு லேசில் அடங்காது. “கண்ணாடி போட வேண்டி வரலாம், பரவாயில்லையா?” என்றார்கள். பரவாயில்லை என்றேன். பத்தொன்பது வயதிலிருந்தே பரவாயில்லைதான்.

கண்ணுக்குக் கீழே மரத்துப்போக ஊசி. முகத்தின் மேல் துணி. பிறகு வெளிச்சம். தண்ணீருக்கு அடியிலிருந்து சூரியனைப் பார்ப்பது மாதிரி வெளிச்சம் உடைந்து உடைந்து சேர்ந்தது. மிஷின் ஒரு சுருதியில் ரீங்காரமிட்டது. அந்த அல்ட்ராசவுண்ட் ஊசியின் யோசனை, சார்லஸ் கெல்மன் என்ற டாக்டருக்குப் பல் மருத்துவரின் நாற்காலியில், பல் சுத்தம் செய்துகொள்ளும்போது வந்தது. 1967இல் அதைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார். உள்ளே வைக்கும் லென்ஸ் அதற்கும் முன்னது. உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் துண்டுகளைக் கண் சகித்துக்கொண்டதைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி, 1949இல் லண்டனில் முதல் லென்ஸை வைத்தார். அம்மாவின் கண்ணில் இருப்பது மதுரையில் செய்தது. இதையெல்லாம் படுத்தபடி மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன், கையை அசைக்காமல் இருப்பதற்காக.

“ஜெல் இன்னும் கொஞ்சம்” என்று டாக்டர் சொல்வது கேட்டது. அந்த உள் அடுக்கைக் காப்பதற்குப் பூசும் ஜெல். அவர் அதை மறுபடி மறுபடி கேட்டார். யாரென்று தெரியாத ஒருவர் விட்டுச்சென்ற ஆயிரத்துச் சொச்சம் செல்களுக்காக ஒரு மனுஷி அவ்வளவு மெனக்கெடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். வெளிச்சம் வந்தது, ஆனால் பஞ்சாகப் பரவவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாக ஜன்னலுக்கு முன்னால் யார் உட்கார்ந்தாலும் எனக்குக் கறுப்பு உருவம்தான். அன்று அவள் முகம் தெரிந்தது. கொஞ்சம் வயதாகியிருந்தது.

வார்டில் அந்தத் தாத்தாவும் இருந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. “என்னப்பா, சின்னப் பேஷண்ட்டு, தெரியுதா?” என்றார். தெரியுது தாத்தா என்றேன்.

டிஸ்சார்ஜ் கவுன்டரில் சிஸ்டர் மருந்துப் பையைக் கொடுத்து விளக்கினார். முதல் பாட்டிலைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது. அதே வெள்ளை. கண்புரை எடுத்த பிறகு வீக்கம் குறையப் போடுவதும் ஸ்டீராய்ட்தான், கிராஃப்ட் உள்ளவனுக்கு இன்னும் முக்கியம்.

“இதையா திரும்பவும்?”

“லென்ஸ எடுத்தாச்சுல்லம்மா” என்றார் சிஸ்டர். “இனிமே புரைக்குப் பயம் இல்ல. ஆனா பிரஷருக்குக் கண்டிப்பா வரணும்.” ஒரு தாளைக் கொடுத்தார். கட்டம் போட்ட தாள். போட்டதும் ஒரு டிக்.

அம்மா அதை மடிக்காமல் வாங்கிக்கொண்டாள். பிறகு, ரொம்ப நாளாக வைத்திருந்ததைக் கேட்பது மாதிரிக் கேட்டாள். “ஏந்தாயி, புரை ஆபரேஷன் பண்ணுனவங்க செத்தப்புறம் கண்ணு குடுக்கலாமா?”

“தாராளமா குடுக்கலாம்மா. அவங்க எடுக்குறது முன்னாடி இருக்குற கார்னியா. லென்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

அம்மா ஃபாரம் கேட்டாள். எனக்கும் ஒன்று வாங்கினாள். “உன்னோட இடது கண்ணு?” என்றாள் என்னிடம். கெரட்டோகோனஸ் கண்ணை இன்னொருவருக்குப் பார்வைக்காக வைக்க மாட்டார்கள், ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்றேன். “அப்ப எழுதிக் குடு.”

அந்தக் கட்டம் போட்ட தாள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. இந்த முறை நானே போடப் பழகிக்கொண்டேன். அம்மா பக்கத்தில் நின்று டிக் போடுவாள். மூன்றாம் வாரம் மூன்று வேளை என்று இருந்த கட்டத்தில், காலையில் கண் கொஞ்சம் சிவந்த மாதிரி இருந்தது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாலாவது சொட்டு வேண்டுமா என்று கேட்டது பழைய பயம்.

அம்மா பார்த்தாள். பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினாள். “போனப் போடு. மதுரைக்குக் கேளு.”

கேட்டேன். வரச்சொன்னார்கள். போனேன். காற்று பட்டிருக்கிறது, வேறு ஒன்றுமில்லை, அதே மூன்று வேளை என்றார்கள்.